பிடுங்கப் பிடுங்க முளைக்குதா கோரை? வீட்டுப் புல்வெளியில் களையை ஒழிப்பது எப்படி? முழு விளக்கம்

வீட்டு வாசலில் ஆசையாகக் கொரியன் புல் பதிச்சாச்சு. தினமும் தண்ணீர் ஊத்தியாச்சு. முதல் மழை பெய்ததும் பார்த்தால், புல்லுக்கு நடுவில் விறைப்பாக நிற்கிறது கோரை. பிடுங்கிப் போட்டால் பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடி எட்டிப் பார்க்கிறது. சில சமயம் ஒன்றுக்கு மூன்றாக!

உடனே பலரும் செய்வது இரண்டு விஷயம். ஒன்று, சமையலறை உப்பையும் வினிகரையும் கலந்து தெளிப்பது. இன்னொன்று, உரக்கடையில் போய் "களைக்கொல்லி ஒண்ணு குடுங்க" என்று கேட்பது. முதலாவது மண்ணைக் கெடுக்கும். இரண்டாவது, சரியாகத் தெரியாமல் செய்தால், வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அப்படியென்றால் என்னதான் செய்வது? பார்க்கலாம்.

முதலில், எது களை?

வேண்டாத இடத்தில் முளைத்தால் எதுவும் களைதான். அருகம்புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மைதானங்களில் பதிக்கும் பெர்முடா புல் என்பது நம்ம ஊர் அருகம்புல் இனம்தான். அங்கே அது புல்வெளி. அதே அருகு கொரியன் புல்லுக்குள் புகுந்துவிட்டால் களை. அருகு போல் வேரோட வேண்டும் என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவது சும்மா இல்லை. தரைக்கு மேலே ஓடும் கொடி, தரைக்குக் கீழே ஓடும் தண்டு என இரண்டு வழியிலும் பரவக்கூடியது அது.

களைகளை வேளாண் துறையினர் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் ஒரு வகைக்குச் செய்யும் வைத்தியம் இன்னொரு வகைக்கு வேலை செய்யாது.

* புல் வகை: அருகு போன்றவை. தண்டு உருண்டையாக, கணுக்களோடு இருக்கும்.
* கோரை வகை: பார்க்கப் புல் மாதிரியே இருக்கும், ஆனால் புல் இல்லை. தண்டின் அடியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று பக்கம் தட்டுப்பட்டால் அது கோரை.
* அகன்ற இலை வகை: நெருஞ்சி, பார்த்தீனியம், தொட்டாற்சுருங்கி, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, தாத்தாப்பூ என்கிற வெட்டுக்காயப் பூண்டு, புளியாரை எல்லாம் இதில் அடங்கும்.

கோரை மட்டும் ஏன் அடங்குவதில்லை?

உலகின் மிக மோசமான களை எது என்ற பட்டியலில் தாவரவியல் அறிஞர்கள் முதலிடத்தில் வைத்தது கோரையைத்தான். காரணம் மண்ணுக்குள் இருக்கும் அதன் கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று கேட்டால் தருவார்களே, குளியல் பொடியில் கூடச் சேர்ப்பார்களே, அதேதான்.

இந்தக் கிழங்குகள் தனித்தனியாக இருப்பதில்லை. நூலில் கோத்த மணி மாதிரி, மெல்லிய தண்டுகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு சங்கிலியில் ஐந்து கிழங்கு இருந்தால் ஐந்தும் ஒரே நேரத்தில் முளைக்காது. முன்னால் முளைத்த கிழங்கு மற்றவற்றை உறங்க வைத்திருக்கும். நாம் மேலே தெரியும் செடியை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? இலை கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். கொத்தும்போது சங்கிலி அறுந்தால் இன்னும் மோசம், உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும். "ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருகிறது" என்று சொல்வதன் ரகசியம் இதுதான்.

ஆனால் கோரைக்கும் பலவீனம் உண்டு. ஒன்றல்ல, மூன்று.

1. பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில், சுமார் அரை அடி ஆழத்துக்குள்தான் இருக்கும்.
2. நிழல் ஆகவே ஆகாது. நல்ல வெயிலில் வளரும் அளவுக்கு நிழலில் வளராது.
3. புதுச்செடி வெளியே வந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குப் பிறகுதான் அடுத்த தலைமுறைக் கிழங்கைக் கட்டத் தொடங்கும். அதற்குள் எடுத்துவிட்டால், பழைய கிழங்கின் சேமிப்புதான் கரையும். புதிதாக எதுவும் சேராது.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. கோரையை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. பட்டினி போட்டு ஒழிக்கலாம்.

கையால் எடுப்பது எப்படி?

* மழை பெய்த மறுநாள், அல்லது முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு, காலையில் வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் வேர் அறுந்துவிடும்.
* களைக்கொத்து இருந்தால் நல்லது. புல்வெளிக்கு அதைவிட மெல்லிய கருவி வேண்டுமென்றால், பழைய நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். செடியை ஒட்டிச் செங்குத்தாக இறக்கி, மண்ணை லேசாக நெம்பித் தளர்த்துங்கள். பிறகு செடியின் அடியைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள்.
* கறுப்பாக, கடலை அளவில் கிழங்கு கூடவே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அந்தக் குழியில் விரல் விட்டுத் தேடுங்கள்.
* இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். நாள்காட்டியில் குறித்து வைத்தாலும் தப்பில்லை. இடையில் ஒன்றரை மாதம் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து.
* எடுத்த கிழங்கைத் தோட்டத்து மூலையிலோ உரக்குழியிலோ போடாதீர்கள், அங்கேயும் முளைக்கும். மொட்டை மாடியின் சிமெண்ட் தரையில் வெயிலில் பரப்பி, சுருங்கிக் கல்லாகும் வரை காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

முதல் மாதம் எண்ணிக்கை குறைந்த மாதிரியே தெரியாது. அங்கேதான் பலரும் மனம் விட்டுப்போய் மருந்தைத் தேடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் இலை மெலிந்துகொண்டே வரும். அதுதான் கிழங்கு தளர்வதற்கான அறிகுறி.

நெருஞ்சி, பார்த்தீனியம், தொட்டாற்சுருங்கி: தனி கவனம் தேவை

நெருஞ்சி தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும். எவ்வளவு தூரம் படர்ந்தாலும் நடுவில் இருப்பது ஒரே ஆணிவேர்தான். பூப்பதற்கு முன் அந்த நடுப்பகுதியைத் தேடி எடுத்துவிட்டால் கதை முடிந்தது. விட்டுவிட்டால், அடுத்து வரும் முள் குழந்தைகளின் காலையும் நாயின் பாதத்தையும் பதம் பார்க்கும். ஏற்கனவே முள் விழுந்துவிட்டதா? பழைய கோணிச்சாக்கை ஈரமாக்கி அந்த இடத்தின் மேல் இழுத்துச் செல்லுங்கள். முள் சாக்கில் ஒட்டிக்கொண்டு வரும்.

பார்த்தீனியம் 1950-களில் புனே பகுதியில் கவனத்துக்கு வந்து, பிறகு நாடு முழுக்கப் பரவிய வெளிநாட்டுச் செடி. கேரட் இலை மாதிரி இலை, வெள்ளைப் பொட்டு மாதிரி பூ. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோல் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் தொல்லை ஆகியவற்றை உண்டாக்கக்கூடியது. அதனால் வெறும் கையால் தொட வேண்டாம். கையுறை, முழுக்கை சட்டை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு எடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. இந்தச் செடியைத் தின்பதற்கென்றே 1980-களில் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டு இனம் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்றால், பிரச்சினை எவ்வளவு பெரியது என்று புரியும்.

தொட்டாற்சுருங்கி பார்க்க அழகு, குழந்தைகளுக்கு விளையாட்டு. ஆனால் தண்டில் முள் உண்டு, வேரும் ஆழம். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அம்மான் பச்சரிசியைப் பிடுங்கும்போது பால் வடியும். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது.

உப்பு, வினிகர், வெந்நீர்: வைரல் வீடியோக்கள் சொல்வது உண்மையா?

உப்பு: பார்த்தீனியத்துக்கு உப்புக் கரைசல் தெளிக்கும் முறை வேளாண் பரிந்துரைகளில் இருப்பது உண்மைதான். ஆனால் அது எதுவும் பயிரிடாத தரிசு நிலத்துக்கும் சாலையோரத்துக்கும் சொன்னது. வீட்டுப் புல்வெளியில் உப்பைக் கொட்டினால் களையோடு புல்லும் கருகும். உப்பு ஆவியாகிப் போகிற பொருளும் இல்லை. மண்ணிலேயே தங்கி, பக்கத்தில் இருக்கும் செம்பருத்தி, முருங்கை வேர் வரை போகும். ஏற்கனவே உப்புத்தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் இது இன்னும் மோசம்.

வினிகர்: சமையல் வினிகரில் அமிலம் சுமார் 5 சதவீதம்தான். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும், பார்க்க ஜெயித்த மாதிரி இருக்கும். வேரும் கிழங்கும் அப்படியே இருப்பதால் சில நாளில் மறுபடி துளிர்க்கும். புல்லின் மேல் பட்டால் புல்லும் கருகும்.

வெந்நீர்: நடைபாதைக் கல் இடுக்கில், காம்பவுண்ட் சுவர் ஓரத்தில் முளைக்கும் சின்னச் செடிகளுக்கு நன்றாக வேலை செய்யும். புல்வெளிக்கு நடுவில் ஊற்றினால் அங்கே ஒரு வழுக்கை விழும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஆசிட்: வேண்டவே வேண்டாம். தீ விபத்து, நிலத்தடி நீர் கெடுதல் என்று ஆபத்துகள் வரிசையாக இருக்கின்றன.

களைக்கொல்லி வாங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

கடையில் அதிகம் கேட்கப்படும் பெயர் கிளைஃபோசேட். இது எதையும் பிரித்துப் பார்க்காது. பச்சையாக இருக்கும் எதன் மேல் பட்டாலும் உள்ளே இறங்கி வேர் வரை போகும். அதாவது களை மட்டுமல்ல, நீங்கள் காசு கொடுத்துப் பதித்த புல்லும் போய்விடும். அது மட்டுமல்ல. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட உத்தரவில், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மூலம் மட்டுமே கிளைஃபோசேட் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் உள்ள ஆபத்துதான் காரணமாகச் சொல்லப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, 2015-ல் இதை 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை அதற்கு மாறான கருத்தைச் சொல்லியிருக்கிறது. விவாதம் இன்னும் தொடர்கிறது. குழந்தைகள் உருண்டு விளையாடும் இடத்தில் அந்த விவாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

2,4-டி என்ற மருந்து அகன்ற இலைக் களைகளை மட்டும் தாக்கும், புல்லை விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்றில் லேசாக மிதந்து போய்ப் பட்டாலே தக்காளி, திராட்சை, பருத்தி போன்ற செடிகளின் இலைகள் கோணல்மாணலாகச் சுருண்டுவிடும். பக்கத்து வீட்டு மாடித்தோட்டத்தோடு வம்பு வாங்குவது நிச்சயம். கோரைக்கென்றே ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் என்ற மருந்தும் உண்டு, கரும்பு போன்ற பயிர்களில் பயன்படுத்துகிறார்கள். எந்த மருந்தாக இருந்தாலும், லேபிளில் குறிப்பிட்ட பயிருக்கும் அளவுக்கும் மட்டுமே அது அனுமதிக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

பாராகுவாட் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது, வாங்குவதற்காக அல்ல, வாங்காமல் இருப்பதற்காக. ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழந்து உயிர் போகலாம். இதற்கென்று குறிப்பிட்ட மாற்று மருந்து கிடையாது. கேரளா 2011-லேயே இதற்குத் தடை விதித்தது. "மிச்சம் இருக்கு, வேணும்னா எடுத்துக்கோங்க" என்று யாராவது பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தந்தால், கண்டிப்பாக வாங்காதீர்கள். பாட்டிலைப் பார்த்துக் குளிர்பானம் என்று நினைத்துக் குடிப்பதால்தான் வீடுகளில் விபத்து நடக்கிறது.

தவிர்க்க முடியாமல் மருந்து அடிக்க வேண்டிய நிலை வந்தால், இதையெல்லாம் கவனியுங்கள்.

* டப்பாவில் உள்ள முக்கோணக் குறியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை.
* உரிமம் பெற்றவர்களை வைத்தே அடியுங்கள். காற்று வீசும் நாளிலும், மழை வரும்போல இருக்கும் நாளிலும் வேண்டாம்.
* கிணறு, போர்வெல், மீன் தொட்டி, கீரைப் பாத்தி அருகே அடிக்கக் கூடாது.
* லேபிளில் சொன்ன காலம் முடியும் வரை குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் புல்லில் விடாதீர்கள்.
* மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றவே கூடாது. காலி டப்பாவைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளவும் கூடாது.
* தவறி உள்ளே போய்விட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

களை வராமலேயே தடுக்க முடியுமா?

பெருமளவு முடியும். களை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

செம்மண்: புல் பதிக்கும் முன் லாரியில் கொண்டுவந்து கொட்டும் செம்மண்ணில்தான் பெரும்பாலும் கோரைக்கிழங்கு வந்து இறங்குகிறது. ஒரு சின்ன சோதனை: லோடு எடுக்கும் முன் இரண்டு கை மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வையுங்கள். என்னென்ன முளைக்கிறது என்று அந்தத் தொட்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

எரு: பச்சைச் சாணத்திலும் பாதி மக்கிய எருவிலும் மாடு தின்ற களைகளின் விதைகள் சாகாமல் இருக்கும். நன்றாக மக்கி, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் எருவையே பயன்படுத்துங்கள்.

வெட்டும் உயரம்: புல்லைத் தரையோடு ஒட்ட மொட்டையடிப்பது பெரிய தப்பு. வெயில் நேராக மண்ணில் விழும், களை விதைகள் குஷியாக முளைக்கும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் வெட்டாதீர்கள். அடர்த்தியாக நிற்கும் புல் தரும் நிழல்தான் கோரைக்கு முதல் எதிரி.

தண்ணீர்: தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும். கோரைக்கும் புதிதாக முளைக்கும் விதைக்கும் கொண்டாட்டம். இடைவெளி விட்டு, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். புல்லின் வேரும் கீழே இறங்கும். தண்ணீர் தேங்கும் பள்ளங்களை மண் போட்டுச் சமன் செய்யுங்கள்.

வழுக்கைகள்: கொரியன் புல் மெதுவாகப் பரவும் ரகம். துண்டு துண்டாக ஊன்றிய வீடுகளில் முதல் சில மாதம் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். களை புகுவது அங்கேதான். வேறு ஓரத்திலிருந்து புல்லை எடுத்து அந்த இடைவெளியில் உடனே ஊன்றிவிடுங்கள். மாமர நிழல் மாதிரி புல்லே வராத இடத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கல் பதியுங்கள், இல்லையென்றால் நிழலில் வளரும் செடி வையுங்கள்.

பாதிக்கு மேல் களை என்றால்?

அப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்குவது வீண். மொத்தமாக மாற்றுவதே மிச்சம்.

அரை அடியிலிருந்து முக்கால் அடி வரை கொத்தி, மண்ணைச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். பிறகு எதுவும் பதிக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள். மிச்சமிருக்கும் கிழங்கும் விதையும் முளைக்கும். அதையும் எடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகே புதுப் புல். வேலைக்கு ஆள் வைப்பவர்கள், முதல் கொத்து முடிந்த மறுநாளே புல் பதிக்கச் சொல்லி அவசரப்படுத்துவதுதான் பழைய கதை திரும்புவதற்குக் காரணம்.

கத்திரி வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண்ணில் உள்ள களை விதைகள் பெருமளவு செத்துவிடும். ஆனால் கோரைக்கிழங்கு முழுசாக இதற்கு அடங்காது. ஆகவே கிழங்கைப் பொறுக்கிய பிறகு செய்தால்தான் பலன்.

எந்த மாதத்தில் என்ன செய்யலாம்?

* ஏப்ரல், மே: புல்வெளியை மாற்றுவதாக இருந்தால் இதுதான் நேரம். கொத்தி, கிழங்கைக் காயவிட்டு, பாலித்தீன் விரிக்கலாம்.
* ஜூன் முதல் ஆகஸ்ட்: புதுப் புல் பதிக்கலாம். இடைவெளிகளை அடைக்கலாம்.
* செப்டம்பர்: மழைக்கு முந்தைய கடைசி வாய்ப்பு. பூக்கும் நிலையில் இருக்கும் எல்லாக் களையையும் எடுத்துவிடுங்கள்.
* அக்டோபர் முதல் டிசம்பர்: வடகிழக்குப் பருவமழை. களை சட்டென்று கிளம்பும், ஆனால் மண் இளகி இருப்பதால் எடுப்பதும் சுலபம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.
* ஜனவரி முதல் மார்ச்: தண்ணீரின் இடைவெளியைச் சரிபார்த்து, வெட்டும் உயரத்தைக் கவனித்தால் போதும்.

எல்லாக் களையும் எதிரியா?

இல்லை. தாத்தாப்பூவில் தேனீயும் பட்டாம்பூச்சியும் வந்து தேன் எடுக்கும். மூக்கிரட்டை, புளியாரை, பருப்புக்கீரை போன்றவை பல வீடுகளில் சமையலுக்குப் போகும் கீரைகள். காம்பவுண்ட் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தை இவற்றுக்கு விட்டுக்கொடுத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை: எந்தச் செடி என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும், அங்கே எப்போதும் மருந்து அடித்திருக்கக் கூடாது.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது?

உங்கள் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ களைச்செடியை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய்க் காட்டலாம். கட்டணமில்லாத கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சுருக்கமாகச் சொன்னால், களை எந்த வகை என்று முதலில் பாருங்கள். கிழங்கோடு எடுங்கள். இரண்டு வாரம் தவறாமல் திரும்ப எடுங்கள். புல்லை அடர்த்தியாக வளரவிடுங்கள். நஞ்சு பாட்டிலை வீட்டுக்குள் கொண்டு வரும் முன், அந்தப் புல்லில் யார் விளையாடப் போகிறார்கள் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.